சுருள் ஏன் நிற்காமல் சுழல்கிறது? ஒரு பேட்டரியில் மின்மோட்டார் செய்யும் முறை

ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், ஒரு மீட்டர் எனாமல் கம்பி ஆகியவை இருந்தால் அரை மணி நேரத்தில் ஒரு மின்மோட்டாரைச் செய்துவிடலாம். பிறர் செய்து காட்டும்போது இது மிக எளிதாகத் தெரியும். ஆனால் வீட்டில் தனியே செய்து பார்ப்பவர்களில் பலருக்குச் சுருள் ஒரு முறை துள்ளும், இரண்டு முறை இப்படியும் அப்படியும் ஆடும், பிறகு நின்றுவிடும். பேட்டரி புதியதாக இருக்கும், காந்தம் வலுவானதாக இருக்கும், கம்பியும் எங்கும் அறுந்திருக்காது; ஆனாலும் சுழலாது. பள்ளி மாணவர்களுடன் பலமுறை இதைச் செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: கோளாறு பெரும்பாலும் கம்பியின் நுனியில் எனாமலைச் சுரண்டிய இடத்தில்தான் இருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டரில் நடப்பதைப் புரிந்துகொண்டவருக்கு மோட்டார் புரிந்துவிடும். ஆகவே மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் மட்டும் நிதானமாக நிற்கப் போகிறேன்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

பேட்டரியாக, பெரிய டார்ச் விளக்கில் போடும் 1.5 வோல்ட் பெரிய கட்டை ஒன்று போதும். அதன் விட்டம் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 61 மில்லிமீட்டர். படுக்க வைத்தால் அதுவே மோட்டாரின் அடித்தளமாகவும் அமைந்துவிடும். மடிக்கணினியிலிருந்தோ பவர் பேங்கிலிருந்தோ கழற்றிய லித்தியம் பேட்டரியை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. இந்தச் சுருளின் மின்தடை மிகக் குறைவு என்பதால் அத்தகைய பேட்டரி பெருமளவு மின்னோட்டத்தைக் கொட்டிச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வீட்டுச் சுவரில் உள்ள மின் இணைப்போடு இதைத் தொடர்புபடுத்தும் எண்ணமே வரக் கூடாது.

கம்பியை மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கேட்டுப் பெறலாம். அங்கே எடை போட்டு விற்பார்கள். ஒரு மீட்டர் துண்டை விலையில்லாமலே தந்துவிடுபவர்களும் உண்டு. 22 முதல் 26 கேஜ் வரையிலான செப்புக் கம்பி பொருந்தும். 24 கேஜ் கம்பியின் விட்டம் 0.56 மில்லிமீட்டர், சுருளின் வடிவம் குலையாமல் நிற்கும் விறைப்பும், எளிதில் சுழலும் இலேசும் அதில் சேர்ந்திருக்கும். செம்பின் நிறத்தைக் கண்டு வெறும் கம்பி என்று எண்ணிவிடக் கூடாது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எனாமல் பூச்சு இருக்கிறது. சுற்றுகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் மின்னோட்டம் குறுக்கே தாவாமல் ஒவ்வொரு சுற்றையும் முழுதாகக் கடந்து செல்வது அந்தப் பூச்சினால்தான்.

காந்தத்துக்குப் பழுதான ஒலிபெருக்கியில் உள்ள கறுப்பு வளையமோ, கடையில் கிடைக்கும் சிறு வட்டக் காந்தமோ போதும். பளபளக்கும் நியோடிமியம் காந்தம் இன்னும் வலுவானது. ஆனால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் கண் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். அத்தகைய காந்தங்கள் இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும்.

இவற்றோடு குறைந்தது 5 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு ஊக்குகளும், பழைய சைக்கிள் டியூபிலிருந்து குறுக்கே வெட்டிய ரப்பர் பட்டையும், ஒரு துண்டு உப்புத்தாளும் வேண்டும். ஊக்கையும் டியூபையும் கொண்டு செய்யும் இந்த வடிவத்தை இந்தியப் பள்ளிகளில் பரப்பியவர்களில், கைக்கு எட்டிய பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டிய அரவிந்த் குப்தா குறிப்பிடத்தக்கவர்.

சுருளைச் சுற்றுதல்

ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயின் மீதோ தடித்த பேனாவின் மீதோ கம்பியைப் 10 சுற்றுகள் சுற்ற வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் தலா 5 சென்டிமீட்டர் கம்பியை விட்டுவைக்க வேண்டும். சுருளைக் குழாயிலிருந்து உருவியபின், ஒவ்வொரு நுனியையும் சுருளின் மீது இரண்டு முறை இறுக்கிச் சுற்றிக் கட்டி, இரு நுனிகளும் நேர் எதிரெதிராக, வட்டத்தின் மையத்தின் வழியாகச் செல்லும் ஒரே நேர்கோட்டில் நீட்டிக்கொண்டிருக்குமாறு அமைக்க வேண்டும். அந்த இரு நுனிகளும்தான் இனி மோட்டாரின் அச்சு.

இந்த நேர்கோடு ஏன் முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். சுருளில் 2 ஆம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது என்றும், காந்தப்புலத்தின் வலிமை 0.03 டெஸ்லா என்றும் கொண்டால், 10 சுற்றுகளும் 5 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள சுருளுக்குக் கிடைக்கும் மிக அதிகமான திருப்பு விசை, ஒரு கிராம் எடையை அச்சிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் கிடைக்கும் திருப்பு விசைக்குத்தான் சமம். சுருளின் எடையோ ஏறத்தாழ 2 கிராம். அச்சு மையத்தை விட்டு 5 மில்லிமீட்டர் விலகியிருந்தால், நமக்குக் கிடைக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கு, கனமான பக்கத்தை மேலே தூக்குவதற்கே செலவாகிவிடும். சுரண்டுவதற்கு முன்பே நுனிகளை இரு விரல்களில் ஏந்திச் சுருளை ஊதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் நுனிகளை வளைத்துச் சரிசெய்ய வேண்டும்.

சுரண்டுவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியது

பள்ளிப் பாடத்தில் மோட்டார் என்றதும் ஃபிளமிங்கின் இடக்கை விதி வந்துவிடுகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் விரித்துத் திசைகளை மனப்பாடம் செய்யும் மாணவர், சுருள் ஏன் தொடர்ந்து சுழல்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார். விதி சரியானதுதான், ஆனால் அது ஒரு கணத்தில் கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும் என்பதை மட்டுமே சொல்லும். அடுத்த அரைச் சுற்றில் என்ன ஆகும் என்பதைக் காண, சுருளையே ஒரு காந்தமாகப் பார்ப்பது நல்லது என்று நான் கருதுகிறேன்.

மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்பதை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820-இல் கண்டறிந்தார். அதே ஆண்டிலேயே பிரான்சின் ஆம்பியர், மின்னோட்டம் பாயும் கம்பிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதையும் விலக்குவதையும் காட்டி, மின்னோட்டம் பாயும் வளையம் காந்தம்போலவே நடந்துகொள்ளும் என்ற கருத்தை முன்வைத்தார். நம் சுருளும் அப்படித்தான். பேட்டரியோடு இணைத்தவுடன் அது தட்டையான ஒரு காந்த வில்லையாக மாறிவிடுகிறது. அதன் ஒரு முகம் வடதுருவம், மறு முகம் தென்துருவம். எந்த முகத்தை நேராகப் பார்க்கும்போது மின்னோட்டம் இடஞ்சுழியாக ஓடுகிறதோ அந்த முகம் வடதுருவம். இணைப்பைத் துண்டித்த கணமே அது மீண்டும் வெறும் செம்பு.

இப்போது இந்த வில்லையைக் கீழே கிடக்கும் நிலைக்காந்தத்துக்கு மேலே, கிடைமட்டமான அச்சில் பொருத்துவதாக எண்ணிப் பாருங்கள். காந்தத்தின் மேல்முகம் வடதுருவம் என்று கொள்வோம். சுருள் செங்குத்தாக நிற்கும்போது அதன் தென்முகம் கீழே உள்ள வடதுருவத்தை நோக்கி இழுக்கப்படும், வடமுகம் விலக்கப்படும். சுருள் திரும்பத் தொடங்கும். கால் சுற்று திரும்பித் தென்முகம் கீழ்நோக்கியபடி சுருள் காந்தத்துக்கு இணையாகப் படுத்ததும் திருப்பு விசை முற்றிலும் இல்லாமல் போகும். அதுதான் சுருள் விரும்பிச் சேர்ந்த இடம். அந்த வேகத்தில் சற்றுத் தாண்டிப் போனாலும், மின்னோட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் காந்தம் அதைப் பின்னோக்கி இழுக்கும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஊஞ்சல் ஆடிச் சுருள் படுத்த நிலையிலேயே ஓய்ந்துவிடும். வேலை செய்யாத மோட்டார்களில் நாம் காணும் துள்ளலும் நடுக்கமும் இதுவேதான். அங்கே காந்தம் தன் கடமையை முழுதாகச் செய்கிறது. இழுத்த பிறகு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

ஆகவே சுருள் படுத்த நிலையை அடையும் அந்தக் கணத்தில் மின்னோட்டத்தை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திவிட்டால் பின்னோக்கி இழுக்க எதுவும் இல்லை. ஏற்கெனவே பெற்ற வேகத்தினால், அதாவது நிலைமத்தினால், சுருள் அடுத்த அரைச் சுற்றைத் தானே கடந்துவிடும். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் சுழலும் சுருளுக்கு அரைச் சுற்று என்பது ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. அதற்குள் உராய்வு அதைத் தடுத்து நிறுத்திவிட முடியாது. அரைச் சுற்று முடிந்து தென்முகம் மேலே வந்து சற்றுத் தாண்டியதும் மின்னோட்டம் மீண்டும் ஓட வேண்டும். அப்போது தென்முகம் கீழே வருவதற்காக, சுழன்றுகொண்டிருக்கும் அதே திசையிலேயே சுருள் மறுபடி இழுக்கப்படும். அரைச் சுற்று இழுப்பு, அரைச் சுற்று விடுப்பு என்று இது மாறி மாறி நடக்கும் வரையில் சுழற்சி தொடரும்.

இந்த நேரக்கணக்கைப் பார்த்து மின்னோட்டத்தை விட்டுவிட்டு இணைக்க ஒரு ஆள் தேவையில்லை. சுழலும் கம்பியின் நுனியே அந்த வேலையைச் செய்யும்படி ஆக்கலாம். அதற்காகத்தான் எனாமலைப் பாதி மட்டும் சுரண்டுகிறோம்.

எந்தப் பாதியைச் சுரண்டுவது

ஒரு நுனியில் எனாமலைச் சுற்றிலும் முழுமையாகச் சுரண்டிவிடலாம். அந்தப் பக்கம் மின்தொடர்பு எப்போதும் இருக்கும். மற்றொரு நுனியில்தான் கவனம் வேண்டும். சுருளை மேசையின் விளிம்பை ஒட்டிச் செங்குத்தாக, கதவுபோல நிமிர்ந்து நிற்கும்படி பிடித்துக்கொண்டு, நுனியை மேசைமீது கிடத்தி, அதன் மேற்பாதியை மட்டும் உப்புத்தாளாலோ பிளேடாலோ சுரண்ட வேண்டும். மேசையைத் தொடும் கீழ்ப்பாதியில் எனாமல் அப்படியே இருக்க வேண்டும். சுரண்டும்போது கம்பி உருளாமல் இருக்க, மற்றொருவர் சுருளைப் பிடித்துக்கொண்டால் நல்லது. பிளேடைக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம், உப்புத்தாளே போதும்.

சுருள் நிமிர்ந்திருக்கும்போது சுரண்ட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஊக்கின் துளையில் கம்பி தன் அடிப்பக்கத்தால்தான் உட்கார்ந்திருக்கும். அடிப்பக்கம் வெறும் செம்பாக இருக்கும்போது மட்டுமே மின்னோட்டம் ஓடும். மேற்பாதியைச் சுரண்டிய கம்பி அரைச் சுற்றுத் திரும்பியதும் அந்தச் செம்பு கீழே வந்து ஊக்கைத் தொடும். அப்போது சுருள் மீண்டும் செங்குத்தாகவே இருக்கும். ஆக, சுருள் செங்குத்தாக நிற்கும் நிலைக்கு முன்னே கால் சுற்றும் பின்னே கால் சுற்றும் மின்னோட்டம் ஓடுகிறது. திருப்பு விசை மிக அதிகமாக இருப்பதும் அந்தச் செங்குத்து நிலையில்தான். சுருள் படுக்கும் நேரத்தில் செம்பு விலகி எனாமல் ஊக்கின் மீது வந்துவிடுகிறது. இழுப்பு அங்கே நின்றுவிடுகிறது.

சுருளைப் படுக்க வைத்துக்கொண்டு மேற்பாதியைச் சுரண்டினால் என்ன ஆகும்? மின்னோட்டம் ஓடும் அரைச் சுற்றின் நடுவில் சுருளின் ஓய்வுநிலை வந்து அமர்ந்துவிடும். முதல் கால் சுற்றில் காந்தம் முன்னே இழுக்கும். அடுத்த கால் சுற்றில் அதே அளவு பின்னே இழுக்கும். பெற்றதையெல்லாம் இழந்த சுருள் நின்றுவிடும். அல்லது ஓய்வுநிலைக்கு நேர் எதிரான நிலை நடுவில் அமைந்து, சுருள் அந்தப் பக்கத்தை நெருங்கும்போதெல்லாம் பின்னுக்குத் தள்ளப்படும். இரண்டிலும் சுழற்சி இல்லை. பல மாணவர்களின் கையில் நான் கண்ட பிழை இதுவே. இரண்டு சுருள்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், தவறு எங்கே என்று தெரியாமல் அவர்கள் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செங்குத்தாகப் பிடித்துச் சுரண்ட வேண்டும் என்பது காந்தம் சுருளுக்கு நேர் கீழே இருக்கும் அமைப்புக்கு மட்டுமே பொருந்தும். காந்தத்தைச் சுருளின் பக்கவாட்டில் வைத்தால் காந்தப்புலத்தின் திசையே கால் சுற்று மாறிவிடும். அப்போது சுருளைப் படுக்க வைத்துத்தான் சுரண்ட வேண்டும். மெழுகுவத்திச் சுடரில் காட்டி எனாமலை எரிப்பது இங்கே உதவாது, ஏனெனில் நெருப்புக்குப் பாதி என்ற கணக்குத் தெரியாது.

பொருத்தி ஓட்டுதல்

பேட்டரியைப் படுக்க வைத்து, அதன் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊக்கை நிமிர்த்திப் பிடித்து, டியூப் பட்டையால் நீளவாட்டில் இறுக்கிக் கட்ட வேண்டும். ஊக்கின் அகன்ற தலை பேட்டரியின் முனையை அழுத்திக்கொண்டு கீழேயும், சிறு துளை மேலேயும் இருக்க வேண்டும். ஊக்கின் மீது சில நேரம் பூச்சு இருக்கும். தொடும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுவது நல்லது. பேட்டரியின் மேல் நடுவில் காந்தத்தை வைத்தால், வெளியுறை இரும்பாக இருக்கும்பட்சத்தில் அது தானே ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றால் டேப்பால் ஒட்டிவிடலாம். சுருளின் நுனிகளைத் துளைகளில் நுழைத்தபின், சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி குறையக் குறைய இழுப்பு வலுக்கும். ஆனால் சுருள் காந்தத்தில் உரசக் கூடாது.

இனி விரலால் மெல்லச் சுண்டிவிட வேண்டும். இந்த மோட்டார் தானாகத் தொடங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓய்ந்து நிற்கும்போது எனாமல் பகுதி ஊக்கின் மீது இருந்தால் மின்னோட்டமே ஓடாது. ஒரு திசையில் சுண்டும்போது எதிர்த்து நின்றால் மறு திசையில் சுண்ட வேண்டும். இதற்கென ஒரே ஒரு சுழல்திசைதான் உண்டு; அதைக் காந்தத்தின் துருவமும் மின்னோட்டத்தின் திசையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

ஒரு மீட்டர் நீளமுள்ள 24 கேஜ் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம் மட்டுமே. தொடர்பு இருக்கும் ஒவ்வொரு கணமும் பேட்டரி கிட்டத்தட்டக் குறுக்குச்சுற்றில் இருக்கிறது என்று பொருள். பேட்டரியின் உள்தடையும் ஊக்குகளின் தொடுமிடங்களும்தான் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. அரை நிமிடம் ஓடியபின் சுருளை எடுத்துவிட வேண்டும். சுருள் நின்றுபோய்த் தொடர்பு மட்டும் இருக்கும்போது கம்பியும் பேட்டரியும் விரைவில் சூடாகும் என்பதால், நின்ற சுருளை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

சுழலாவிட்டால்

முதலில் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலால் சுருளை மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்பும்போது எங்குமே இழுப்பு உணரப்படவில்லை என்றால் மின்னோட்டம் ஓடவில்லை. எனாமல் சரியாகச் சுரண்டப்படவில்லை, ஊக்கு பேட்டரியை அழுத்தவில்லை, அல்லது பேட்டரி தீர்ந்துவிட்டது. சுரண்டிய செம்பு பளிச்சென்று, ரோஜாவும் செம்மையும் கலந்த நிறத்தில் தெரிய வேண்டும். அடர்ந்த பழுப்பு தெரிந்தால் எனாமல் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இழுப்பு இருந்தும் சுருள் ஆடி ஆடி நின்றால் சுரண்டிய கோணம் தவறு, அல்லது இரு நுனிகளுமே சுற்றிலும் சுரண்டப்பட்டுவிட்டன. இரு நுனிகளும் முழுக்கச் சுரண்டப்பட்ட சுருள் சில நேரம் சுழன்றுவிடுவதும் உண்டு. ஊக்கின் துளையில் அது துள்ளுவதால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைத்து, பொருத்தமான நேரத்தில் அறுந்துபோகிறது. அதை நம்பிச் செய்ய முடியாது. எனாமல் போய்விட்ட இடத்தில் நகப்பூச்சையோ நிரந்தர மார்க்கரையோ பாதிக்குப் பூசி உலரவிட்டு மறுபடி முயலலாம். கோணம் தவறியிருந்தால் அதைவிட எளிய வழி உண்டு: அந்த நுனியை அசையாமல் பிடித்துக்கொண்டு, சுருளை மட்டும் அச்சைச் சுற்றிக் கால் சுற்று முறுக்கிவிட்டால் போதும்.

சற்று நேரம் நன்றாக ஓடி, பிறகு சோர்ந்துபோகும் மோட்டாரில் தொடுமிடம் கருத்திருக்கும். தொடர்பு அறும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு சிறு பொறி தோன்றுகிறது. இருட்டறையில் ஓட்டினால் அதைக் கண்ணாலேயே காணலாம். உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் மோட்டார் மீண்டும் உயிர்பெறும். மிக்ஸியில் கார்பன் பிரஷ் தேய்வதும், பக்கவாட்டுத் துளைகளின் வழியே நீலப் பொறி தெரிவதும் இதே நிகழ்ச்சிதான்.

ஓடத் தொடங்கியதும் அவசியம் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். சுருள் எதிர்த் திசையில் சுழலும். காந்தத்தைப் பழையபடி வைத்துவிட்டுப் பேட்டரியின் முனைகளை மட்டும் மாற்றுங்கள். அப்போதும் எதிர்த் திசையில்தான் சுழலும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் சுருள் முதலில் சுழன்ற திசையிலேயே சுழலும். இந்த மூன்றாவது முடிவைக் கீழே மிக்ஸியைப் பற்றிச் சொல்லும்போது பயன்படுத்திக்கொள்வோம்.

வேகம் ஓர் எல்லையில் நிற்பது ஏன்

ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இழுப்புக் கிடைத்துக்கொண்டே இருந்தால் வேகம் முடிவின்றி ஏறிக்கொண்டே போக வேண்டும் அல்லவா? உராய்வும் காற்றுத்தடையும் ஓரளவு தடுக்கின்றன. சரியாகச் செய்யப்பட்ட பெரிய மோட்டார்களில் அவற்றைவிட முக்கியமான காரணம் வேறொன்று. காந்தப்புலத்தில் சுழலும் சுருள், தன்னை யார் சுழற்றினாலும், மின்னழுத்தத்தை உண்டாக்கும். மின்னாக்கி வேலை செய்வது அப்படித்தான். மோட்டாரில் அந்த அழுத்தம் பேட்டரிக்கு எதிராக அமைகிறது. இதை எதிர் மின்னியக்கு விசை என்பார்கள். வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடி, உள்ளே பாயும் மின்னோட்டம் குறைந்து, சுமைக்குத் தேவையான அளவோடு நின்றுவிடுகிறது.

சுழற்சி தடைபட்ட மோட்டார் புகைந்துபோவது இதனால்தான். மிக்ஸியில் ஈர அரிசி சிக்கி அச்சு நின்றுவிட்டால் எதிர் மின்னியக்கு விசை இல்லாமல் போகும். சுருளின் குறைந்த மின்தடை மட்டுமே எஞ்சி நிற்க, பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து எனாமல் கருகும். அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் தானே துண்டித்துக்கொண்டு மோட்டாரைக் காப்பாற்றுவது அத்தகைய நேரங்களுக்காகத்தான்.

விட்டுவிடுவதிலிருந்து திருப்பிவிடுவதற்கு

நம் சுருள் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் சும்மா மிதந்து செல்கிறது. அந்தப் பாதியிலும் வேலை வாங்க வேண்டுமானால், சுருள் படுத்த நிலையைத் தாண்டும் கணத்தில் மின்னோட்டத்தை நிறுத்துவதற்குப் பதிலாக அதன் திசையை மாற்ற வேண்டும். தென்முகமாக இருந்தது அந்தக் கணமே வடமுகமாகிவிடும். இழுத்துப் பிடித்திருந்த காந்தம் இப்போது அதை விலக்கித் தள்ளும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால், சுருள் ஓய்வுநிலையை நெருங்கும்போதெல்லாம் ஓய்வுநிலை எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளிப்போய்விடும்.

இதற்கான கருவிதான் பிளவு வளையத் திசைமாற்றி. ஒரு செப்பு வளையத்தை இரண்டு பாதிகளாகப் பிளந்து, சுருளின் ஒவ்வொரு நுனியையும் ஒவ்வொரு பாதியோடு இணைத்து, இரண்டையும் அச்சோடு சேர்ந்து சுழலவிடுகிறார்கள். வெளியே அசையாமல் நிற்கும் இரண்டு தூரிகைகள் (பிரஷ்கள்) அவற்றை உரசிக்கொண்டிருக்கும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை தூரிகை ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு மாறும்போது சுருளில் மின்னோட்டம் திரும்பிவிடுகிறது. வீட்டில் செய்ய, ஒரு பென்சிலின் மீது மெல்லிய செப்புத் தகட்டின் இரண்டு துண்டுகளை, இடையே சிறு இடைவெளி விட்டு ஒட்டினால் போதும். அந்த இடைவெளி, சுருள் படுத்திருக்கும்போது தூரிகைகளுக்கு நேரே வர வேண்டும்.

மின்சாரத்தால் முதன்முதலில் தொடர் சுழற்சியை உண்டாக்கிய மைக்கேல் ஃபாரடே 1821 செப்டம்பரில் இந்தத் திருப்பல் எதுவும் இல்லாமலே அதைச் செய்துவிட்டார். பாதரசக் கிண்ணத்தில் நிறுத்திய காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பி வலம் வந்தது. காந்தத்தின் ஒரே முனையைச் சுற்றி நகரும் கம்பிக்கு ஓய்வுநிலை என்று ஒன்று கிடையாது என்பதால் அது நிற்கவில்லை. ஆனால் அந்தச் சுழற்சியில் வேலை வாங்கும் வலு இல்லை. பல சுற்றுகள் கொண்ட சுருளை வலுவாகச் சுழற்றத் திசைமாற்றி வேண்டியிருந்தது. 1832-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் திசைமாற்றியோடு மோட்டார் அமைத்தார். 1837-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் டேவன்போர்ட் என்ற கொல்லர் தம் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார்.

இரண்டு துண்டுத் திசைமாற்றியிலும் ஒரு குறை எஞ்சுகிறது. தூரிகைகள் சரியாக இடைவெளியில் நிற்கும்போது மோட்டார் நின்றிருந்தால் அது தானாகத் தொடங்காது. பழுதான பொம்மைக் காரின் மோட்டாரைத் திறந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அதற்குள் மூன்று சுருள்களும் மூன்று துண்டுத் திசைமாற்றியும் இருக்கும். ஒரு சுருள் ஓய்வுநிலையில் இருந்தாலும் மற்றவை அங்கே இருப்பதில்லை. எனவே எந்த நிலையில் நின்றிருந்தாலும் அது சட்டென்று கிளம்பும். மிக்ஸி மோட்டாரில் இந்தத் துண்டுகள் இன்னும் பல மடங்கு. அங்கே நிலைக்காந்தத்துக்குப் பதிலாகவும் கம்பிச்சுருளே இருக்கிறது; அதே மின்னோட்டம் இரண்டிலும் தொடராகப் பாய்கிறது. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறினாலும், மாறும்போது காந்தமும் சுருளும் சேர்ந்தே மாறிவிடுவதால், நம் மூன்றாவது சோதனையில் கண்டதுபோல, சுழல்திசை மாறுவதில்லை.

கூரை மின்விசிறியில் தூரிகையும் இல்லை, திசைமாற்றியும் இல்லை. அங்கே மாறுதிசை மின்னோட்டமே சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. ஒற்றைச் சுருள் மட்டும் இருந்தால் புலம் சுழலாது, மேலும் கீழும் மாறுவதோடு சரி. ஆகவே மின்தேக்கியின் வழியே இரண்டாவது சுருளுக்குச் சற்று முந்திய மின்னோட்டத்தைக் கொடுக்கிறார்கள். மின்தேக்கி வலுவிழந்த விசிறி கோலால் தள்ளிவிட்டால்தான் சுழலத் தொடங்கும் என்பதை வெயில் காலத்தில் பலர் கண்டிருப்பார்கள்.

அண்மைக்காலமாகக் கடைகளில் விற்கும் பிஎல்டிசி (தூரிகை இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்) மின்விசிறிகளிலோ பழைய தத்துவமே மின்னணு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. சுழல்வது காந்தம், அசையாமல் நிற்பது சுருள்கள். எந்தச் சுருளுக்கு எப்போது மின்னோட்டம், எப்போது நிறுத்தம், எப்போது திருப்பம் என்பதைத் தூரிகைக்குப் பதிலாக ஒரு சிறு மின்சுற்று தீர்மானிக்கிறது. அதற்குக் காந்தம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். அதை அறியத் தனி உணரி இல்லாத விசிறிகளில் சில, போட்டவுடன் ஒரு கணம் பின்னோக்கி அசைந்துவிட்டுப் பிறகு சரியான திசையில் சுழல்வது, மின்சுற்று காந்தத்தை முதலில் தெரிந்த ஓர் இடத்துக்கு இழுத்து நிறுத்திக்கொள்வதால்தான்.